பெரிய டிரம் அம்புரோஸ்

எங்கள் பேண்டு செட்டில் பதினோரு பேர் இருந்தோம். அதில் பத்துப் பேரை எடுத்துவிட்டு வேறு பத்துப் பேரை நிறுத்தினாலும் ராயபுரத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. கிளாரினெட் வாசித்த என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பெரிய டிரம் அடித்த அம்புரோஸை மாற்றியிருந்தால் மட்டும் கல்மண்டபத்தில் மீன் விற்கிறவளுக்குக்கூடத் தெரிந்துபோயிருக்கும். அவன் அடிக்கிற அடி காதுக்கு வருவதற்கு முன்னால் வயிற்றுக்கு வந்துவிடும். கல்யாண ஊர்வலத்தைப் பார்க்க வாசலுக்கு வருகிற பெண்கள், "இன்னாடி இது, வயித்துக்குள்ள யாரோ நடந்துகினு போறாப்ல கீது" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அம்புரோஸ் அவர்கள் பக்கம் திரும்பாமல் நேராகப் பார்த்துக்கொண்டு நடப்பான். உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்துபோவான் என்று எனக்குத் தெரியும்.

பெரிய டிரம் என்றால் ஓங்கி அடிப்பதுதான் வேலை என்று நினைக்கிற ஜனங்களே அதிகம். அவர்களிடம் விளக்கம் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஓங்கி அடித்தால் 'பட்' என்று தோல்தான் கத்தும். அந்தக் கத்தலிலேயே உள்ளே இருக்கிற சத்தம் செத்துப்போகும். நடுவிலிருந்து நாலு விரல் தள்ளி, பஞ்சு சுற்றிய கோலால் மெதுவாகத் தட்டி, பட்ட மாத்திரத்தில் கோலை எடுத்துவிட வேண்டும். அப்போது அந்தப் பக்கத்துத் தோலும் சேர்ந்துகொண்டு, 'கும்' என்று ஒரு சத்தம் கிளம்பும். அடித்து முடித்த பிறகும் அது கொஞ்ச தூரம் கூடவே வரும். எல்லோரும் தட்டலாம்தான். ஆனால் எவ்வளவு மெதுவாக என்பது அம்புரோஸ் கைக்குத்தான் தெரிந்திருந்தது. அவன் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மாதா கோயில் பங்கில் எந்தச் சபையிலும் அவனுக்குப் பதவி கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே மரியாதை அந்த டிரம்தான்.

பகலில் நான் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. அவன் துறைமுகத்துப் பக்கம் ஒரு கொதிகலன் பட்டறையில் இருந்தான். தகடுகளைச் சேர்த்துக் காய்ச்சிய ஆணி அடிக்கும்போது, வெளியே இரண்டு பேர் சம்மட்டியால் அடிப்பார்கள். கொதிகலனுக்குள்ளே ஒருவன் குந்திக்கொண்டு ஆணியின் மறுமுனையை இரும்புக் கட்டையால் முட்டுக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். அந்த உள்ளே இருக்கிறவன் அம்புரோஸ். இருபது வயதில் உள்ளே போனவன். நான் சொல்கிற வருஷம் அவனுக்கு நாற்பத்திரண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று, ஆகஸ்ட் மாதம், மாதா திருநாள். சப்பரத்தை இருபத்துநாலு பேர் தோளில் சுமந்து வருவார்கள். கோயிலுக்குப் போகிற கடைசிச் சந்து ரொம்பக் குறுகல். அந்த முனையில் சப்பரத்தைத் திருப்புவதற்கு எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முனை வந்ததும் வாத்தியம் எல்லாம் நின்றுவிடும். பெரிய டிரம் மட்டும் ஒற்றையாகப் பேசும். மெதுவான அடி விழுந்தால் ஒரு சாண் நகர வேண்டும். ஓங்கி ஒரு அடி விழுந்தால் நின்ற இடத்தில் நின்று தோள் மாற்ற வேண்டும். பின்னால் இருக்கிறவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர்களுக்கு டிரம்தான் கண்.

அன்றைக்கு அம்புரோஸ் அடித்த முதல் அடியே ஓங்கி விழுந்தது. எல்லோரும் தோள் மாற்றினார்கள். இரண்டாவதும் ஓங்கி விழுந்தது. மூன்றாவதும் அப்படியே. பாதிப் பேர் மறுபடி தோள் மாற்ற, பாதிப் பேர் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்து நகர, சப்பரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாதாவின் கிரீடம் நழுவிக் காதில் தொங்கியது. மெழுகுவர்த்தித் தண்டுகள் சரிந்தன. ஒரு ஆளுக்குக் கால் கட்டைவிரல் நசுங்கியது. யாரோ ஓடிவந்து முட்டுக் கொடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

செட்டுக்குத் தலைவர் லியோனார்ட். கார்னெட் வாசிப்பார். அதிகம் பேசமாட்டார். கோயில் வளவிலேயே அம்புரோஸை நிறுத்திக் கேட்டார்.

"இன்னா ஆச்சு உனக்கு?"

"எனக்கு ஒண்ணியும் ஆவல. டிரம்முக்குத்தான் இன்னாவோ ஆய்ட்டுது. மெதுவா அட்ச்சா சத்தமே வர்ல. அதான் ஓங்கினேன்."

"அட்த்த வருசம் திருநாளுக்குள்ள சத்தம் வரணும். வரலன்னா டிரம் ராமசுப்புக்கு."

ராமசுப்பு எங்கள் சின்ன டிரம்காரர். திருவொற்றியூரிலிருந்து டிராமும் நடையுமாக வந்து வாசிக்கிற நல்ல மனுஷர். "எனக்கு வேணாங்க" என்று அவர் முனகியதை லியோனார்ட் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்து டிரம்முக்கு வைத்தியம் பார்த்தோம். உலகச் சண்டை முடிந்து மிலிட்டரிக்காரர்கள் கழித்துப் போட்ட சாமான்களோடு வந்த டிரம் அது. கடல் காற்றில் தோல் தொய்ந்துவிட்டது என்றான் ஒருவன். வெயிலில் வைத்தோம். வெயில் அதிகமாகிவிட்டது என்றான் இன்னொருவன். ஈரத்துணி போர்த்தினோம். அம்புரோஸும் நானும் பெரியமேட்டுக்குப் போய் புதுத் தோல் வாங்கிவந்து மாற்றினோம். மூன்று மாதத்தில் மறுபடி மாற்றினோம். கண்ணேறு பட்டுவிட்டது என்று ஒரு கிழவர் சொன்னதை நம்பி, சுவாமியார் தீர்த்தம்கூடத் தெளித்துவிட்டார். தோல் புதுசு, கட்டை பழசு, தீர்த்தம் சுத்தம். அம்புரோஸ் அடித்தால் 'பட்' என்றுதான் வந்தது.

இதில் எங்களைக் குழப்பியது ஒரு விஷயம். லியோனார்ட் ஒரு நாள் ராமசுப்பு கையில் கோலைக் கொடுத்து அடிக்கச் சொன்னார். அவர் பயந்து பயந்து தட்டினார். 'கும்' என்று வந்தது. பழைய அம்புரோஸின் கும் அளவுக்கு இல்லை, இருந்தாலும் கும்தான். நாங்கள் எல்லோரும் அம்புரோஸைப் பார்த்தோம். அவன் டிரம்முக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, மெய்யாகவே நிம்மதியோடு சொன்னான்.

"பாத்தீங்களா? அவரு அட்ச்சாலும் வர்ல."

திமிரில் பேசுகிறான் என்று லியோனார்ட் நினைத்தார். பொறாமை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கோ அவன் முகத்தைப் பார்த்தால் இரண்டும் தெரியவில்லை. அவன் சத்தியமாகத்தான் பேசினான். "கட்டை குலுங்குது நைனா, வயித்துல தெரிது, சத்தம் மட்டும் எங்கியோ பூட்து" என்று என்னிடம் தனியாகச் சொன்னான். டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பான். நாங்கள் இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து தோஸ்துகள். அவன் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். டிரம்மும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் யார் சொல்வது சரி என்று யோசித்து யோசித்துக் கூட்ஸ் ஷெட்டில் இரண்டு தடவை ரசீது மாற்றி எழுதினேன்.

நான் கொஞ்சம் அதிகப்பிரசங்கி. யாராலும் தீர்க்க முடியாததை நான் தீர்த்துவிடுவேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. கடைசியில் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அது சிலுவையம்மாள்.

சிலுவையம்மாள் அவன் பெண்சாதி. வீட்டில் உட்கார்ந்து வலை பின்னுகிறவள். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் பேசினால் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கே கேட்காது. கொஞ்ச வருஷமாக அவள் குரல் தெருமுனை வரை வந்தது. "சோறு துன்றியா இல்லியா" என்று அவள் கேட்டால் நாலு வீட்டுக்காரர்கள் தங்கள் அடுப்பைப் பார்ப்பார்கள். துறைமுகத்துச் சங்கு ஊதிவிட்டதா, சிலுவையம்மாள் பேசினாளா என்று தெருவில் கேலி பேசுவார்கள். அம்புரோஸும் மெலிந்துகொண்டே வந்தான். "அவளுக்கு என்னக் கண்டாலே எரியுது லூர்து, எப்ப பாரு சிடுசிடுன்னு கீறா" என்பான். சாப்பாட்டைக்கூடப் பல நாள் கடையிலேயே முடித்துக்கொண்டு போவான். வீட்டில் காட்ட முடியாத கோபத்தை டிரம்மில் காட்டுகிறான், அதனால்தான் கை ஓங்கி விழுகிறது. இதுதான் என் கண்டுபிடிப்பு. எனக்கே அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலத்தில் ஒரு மத்தியானம் அவன் வேலைக்குப் போயிருக்கும்போது அவள் வீட்டுக்குப் போனேன். தவசு காலத்தில் புத்தி சொன்னால் புண்ணியம் என்ற நினைப்பு வேறு. அவள் தூணில் வலையைக் கட்டிக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, தப்பா நெனச்சிக்காதே. நீ அவன்கிட்ட கொஞ்சம் மெதுவா பேசினா இன்னா?"

"நான் இன்னா அண்ணே, கத்தறனா?"

"தெருவே சொல்லுது."

அவள் கை நின்றுவிட்டது. "எங்க ஆத்தா வூட்ல என்னிய வாய் இல்லாத பொண்ணுன்னு சொல்லுவாங்க" என்றாள். அதைக்கூட அவள் உரக்கத்தான் சொன்னாள். சொன்ன பிறகு வாசல் பக்கம் பார்த்தாள். நான் விடவில்லை. ஆம்பளை பட்டறையில் வெந்து வருகிறான், வீட்டிலும் இரைச்சல் என்றால் அவன் எங்கே போவான், அவன் டிரம் போனால் அவனும் போய்விடுவான், அது உன் கையில்தான் இருக்கிறது என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே கத்தல அண்ணே" என்றாள். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு நான் திரும்பி வந்தேன்.

எட்டு நாள் கழித்து, பட்டறையில் சாப்பாட்டுச் சங்கு ஊதிய நேரம், அம்புரோஸ் கூட்ஸ் ஷெட்டுக்கு வந்தான். கரி அப்பிய முகத்தில் கண்ணீர் கோடு போட்டிருந்தது. அவன் அழுது நான் பார்த்ததே இல்லை. அவன் அப்பா செத்தபோதுகூட அவன் அழவில்லை.

"அவ என்கிட்ட பேசறத நிறுத்திட்டா நைனா."

"யாரு?"

"சிலுவையம்மாதான். ஒரு வாரமாச்சு. சோறு வெக்கறா, எதுர்ல குந்திக்கறா, வாய் மட்டும் அசையுது. மந்திரம் ஜபிக்கறாப்ல வாய அசைச்சிகினே கீறா, ஒரு வார்த்த வெளில வர்ல. கத்திகினு இருந்தாளே, அப்பயாவது என்னிய மனுசனா மதிச்சி கத்தினா. இப்ப அதுவும் இல்ல. நான் இன்னா பாவம் பண்ணேன், சொல்லு."

என்னவென்று புரிவதற்கு முன்னாலேயே, நான் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பி, மூலையில் இருந்த பானையில் தண்ணீர் மொண்டேன். மொண்டுகொண்டே, "நான்தான்டா அவள மெதுவா பேசச் சொன்னேன்" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. கோபத்தில் இருக்கிறான் என்று நினைத்தேன். "நான்தான் சொன்னேன், அடிக்கறதுன்னா என்னிய அடி" என்றேன். அதற்கும் பதில் இல்லை. குவளையோடு திரும்பினேன். அவன் என் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

"தண்ணி மொள்ள இம்மா நேரமா?" என்றான்.

அங்கே நின்ற வாக்கில் எனக்கு எல்லாம் விளங்கியது. டிரம் எங்கேயும் போகவில்லை. பெரியமேட்டுத் தோலில் குற்றமில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தவனுக்குக் காது போய்விட்டது. மெதுவாக அடிக்கிறபோது சத்தம் எல்லோருக்கும் வந்துகொண்டிருந்தது, அவனுக்கு மட்டும் வரவில்லை. தனக்குக் கேட்கிற வரைக்கும் அவன் ஓங்கியிருக்கிறான்.

சொன்னால் நம்பமாட்டேன் என்றான். எப்படி நம்புவான்? பட்டறையில் எல்லோர் பேச்சும் அவனுக்குப் புரிகிறதே. நான் அடுத்த நாள் அங்கே போய்ப் பார்த்தேன். அங்கே வாயை அகலமாகத் திறந்து, கையை ஆட்டி, முகத்துக்கு முகம் வைத்துத்தான் பேசுகிறார்கள். வேலை நடக்கும்போது அப்படித்தான் பேச முடியும், அது வழக்கமாகி, டீ குடிக்கும்போதும் அப்படியே பேசுகிறார்கள். எங்கள் பேச்சையும் அவன் இத்தனை நாளாக வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டிருக்கிறான். முப்பது பேரில் எத்தனை பேருக்குக் காது கேட்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. ஒருவனுக்குக் கேட்கவில்லை என்பதை இன்னொருவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் இரும்புக் கவை ஒன்றைத் தட்டித் தட்டி அவன் காதருகே பிடித்தார். பிறகு என்னைப் பார்த்து, போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார். அதை நான் அவனுக்குக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வராந்தாவில் இருந்த நோயாளிகள் எல்லோரும் கேட்டார்கள்.

சிலுவையம்மாளிடம் போய்ச் சொன்னேன். எப்போதிலிருந்து கத்த ஆரம்பித்தாய் என்று கேட்டேன். அவள் யோசித்தாள். சின்னவள் பிறந்தபோது கத்தவில்லை. சுதந்திரம் வந்த வருஷம் கத்தினதாக நினைவு. அதற்கு நடுவில் என்றைக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு தடவை சொன்னதை இரண்டு தடவை சொல்லி, இரண்டு தடவை சொல்வதற்குப் பதில் கொஞ்சம் உரக்கச் சொல்லி, அப்படியே வளர்ந்துவிட்டது. அவனும் அவள் கத்துகிறாள் என்று கண்டானே தவிர, ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. இதில் யார்மேல் கோபப்படுவது? எனக்கு என்மேல்தான் வந்தது.

லியோனார்ட் விஷயத்தைக் கேட்டுக்கொண்டே கார்னெட்டைத் துடைத்து உறையில் போட்டார். பிறகு, "காது கேக்காதவன நம்பி சப்பரத்த எப்டி வுடறது லூர்து?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். நான் கெஞ்சினேன். திருநாளுக்கு இன்னும் மூன்று மாதத்துக்குமேல் இருக்கிறது, அவர் சொன்ன கெடு அதுதானே என்றேன். கடைசியில் ஒரு சம்மதம் கிடைத்தது. முனையில் அம்புரோஸ் அடிக்கட்டும், ராமசுப்பு கோலோடு பக்கத்திலேயே நடக்கட்டும், ஒரு அடி தப்பினாலும் அம்புரோஸ் விலகிவிட வேண்டும். அதற்குப் பிறகு டிரம்மை அவன் தொடவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டிரம்மை அவன் வீட்டுக்கு எடுத்துப்போவோம். ஒரு பக்கம் அவன், மறுபக்கம் சிலுவையம்மாள், நடுவில் டிரம். அவள் தன் உள்ளங்கையை அந்தப் பக்கத்துத் தோலில் மெல்ல வைத்துக்கொள்வாள். இவன் அடிப்பான். ஓங்கி அடித்தால் அந்தத் தோல் ஒரு குதி குதித்து அடங்கிவிடும், கை உதறும். அவள் தலையை இல்லை என்று ஆட்டுவாள். இன்னும் மெதுவாக. இல்லை. இன்னும் மெதுவாக. ஒரு அளவு வரும்போது அவள் உள்ளங்கையில் அந்தத் தோல் நடுங்கிக்கொண்டே நிற்கும். அப்போது தலையை மேலும் கீழும் ஆட்டுவாள். கதவோரத்தில் நிற்கிற எனக்கு, பழைய அம்புரோஸின் 'கும்' வயிற்றில் வந்து விழும். அவன் மட்டும் கோலையும் எங்கள் முகங்களையும் மாற்றி மாற்றிப் பார்ப்பான்.

"இதுவா?"

"இதுதான்யா, இதுதான்" என்று அவள் கத்துவாள்.

"நான் ஒண்ணியும் பண்லியே."

அவனுக்கு அது பிடிபடவே இல்லை. கை கற்றுக்கொண்டது, மனசு கற்றுக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலைக் கீழே போட்டுவிட்டு என்னிடம் கேட்டான்.

"எனக்குக் கேக்கற மாரி அட்ச்சா உங்களுக்கு ஆவல. உங்களுக்குக் கேக்கற மாரி அட்ச்சா எனக்குக் கேக்கல. அப்ப நான் யாருக்கு நைனா அடிக்கறேன்?"

கோலைப் பொறுக்கி அவன் கையில் திணித்தேன். "அடிடா, பேசாம" என்று கத்தினேன்.

ஐம்பத்திரண்டு ஆகஸ்ட் வந்தது. சாயங்கால வெயிலில் சப்பரம் அந்த முனைக்கு வந்து சேர்ந்தது. போன வருஷத்துக் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் கூட்டம் இரண்டு மடங்கு. போன வருஷம் விரல் நசுங்கிய ஆள் இந்த வருஷமும் தோள் கொடுத்திருந்தார். அவர் அம்புரோஸையே முறைத்துக்கொண்டிருந்தார். லியோனார்ட் கையை உயர்த்தினார். வாத்தியம் நின்றது. நான் கிளாரினெட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். சிலுவையம்மாள் பெண்கள் கூட்டத்தைவிட்டு வந்து, முனைச் சுவரோரம் அவன் பார்வைக்கு நேராக நின்றாள்.

முதல் அடி அடித்தான். எனக்கே கேட்கவில்லை. கோல் தோலில் பட்டதைக் கண்ணால்தான் பார்த்தேன். பயத்தில் அளவுக்குக் கீழே போய்விட்டான். சுமக்கிறவர்கள் நகரவில்லை. அடித்துவிட்டோம் என்று நினைத்து, அவன் அவர்கள் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். கால்கள் ஏன் நகரவில்லை என்று அவனுக்குப் புரியவில்லை. ராமசுப்பு கோலை எடுத்துவிட்டார். லியோனார்ட் அவரைப் பார்த்தார். நான் மாதாவை வேண்டிக்கொள்ளக்கூட மறந்துபோனேன். ராமசுப்பு அடிப்பதற்குள் அம்புரோஸ் நிமிர்ந்து சுவர்ப் பக்கம் பார்த்தான். சிலுவையம்மாள் உள்ளங்கையைத் திருப்பி, ஒரு அரிசி அளவு மேலே உயர்த்திக் காட்டினாள்.

'கும்' என்று வந்தது. இருபத்துநாலு பேரும் ஒரு சாண் நகர்ந்தார்கள். அடுத்தது. இன்னொரு சாண். அப்படிப் பதினெட்டு அடி விழுந்தது. நடுவில் தோள் மாற்ற ஓங்கி ஒன்று, அதுவும் சரியாக விழுந்தது. விரல் நசுங்கியவரின் முகம் இளகியதைப் பார்த்தேன். சப்பரம் சந்துக்குள் நேராகி நின்றது. ராமசுப்பு கோலைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் அழுதுவிட்டார். லியோனார்ட் அம்புரோஸ் பக்கம் வந்து, அவன் தோளில் தொங்கிய டிரம் வாரை ஒரு தடவை சரிசெய்துவிட்டுப் போனார். அவர் செய்கிற மரியாதை அவ்வளவுதான்.

"வந்துட்சா?" என்று அம்புரோஸ் என்னைக் கேட்டான்.

"வந்துட்சி."

"மெய்யாவா?"

நான் தலையை ஆட்டினேன். அவன் மற்றவர்களின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, அவர்களும் பொய் சொல்லவில்லை என்று ஒருவாறு முடிவு செய்துகொண்டான். சந்தோஷமாக இருக்கிறானா என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்திருக்காது.

டிரம்மை நானும் அவனுமாகத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனோம். சிலுவையம்மாள் எங்களுக்கு முன்னாலேயே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். இருட்டவில்லை. திருநாள் என்பதால் தெருவில் எல்லோரும் வெளியே இருந்தார்கள். அவன் டிரம்மை இறக்கிவைத்துவிட்டு, அவள் எதிரில் போய்க் குந்தினான். ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்பது மாதிரி கேட்டான்.

"தவசு காலத்துல ஒரு வாரம் மெதுவா பேசினியே. தெனம் எதுர்ல குந்தி பேசினியே. இன்னா சொன்னே?"

தன் குரலின் அளவு அவனுக்குத் தெரியாது. தெரு முழுக்கக் கேட்டது. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

சிலுவையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். பிறகு அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள். கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு இருந்த குரல் அது. நான் பக்கத்தில் இருந்ததால்தான் எனக்கே கேட்டது.

"அதெல்லாம் கத்திச் சொல்ற பேச்சா அண்ணே?"

அவள் உதடு அசைந்ததை அவன் பார்த்துவிட்டான். ஆவலோடு என் பக்கம் திரும்பினான்.

"இன்னா சொல்றா?"

குழாயடியில் ஏழெட்டுப் பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் எதைச் சொன்னாலும் அவர்களுக்கும் கேட்கக் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

"மறந்து பூட்சாம்" என்று கத்தினேன்.

அவன் அவளையும் என்னையும் பார்த்தான்.

"ஒரு வாரத்துப் பேச்சு பூராவுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.